இ8 டீசல் மாதிரி எஞ்சின் வளைவில் தடம் புரள்கிறது: குற்றம் பாதையிலா, எஞ்சினிலா?

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க வேலையை முடித்துக்கொண்டு பெங்களூர் திரும்பிய என் அத்தை மகன், பல ஆண்டுகளாகப் பெட்டியைவிட்டு வெளியே வராத எச்.ஓ. (அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு) மாதிரி எஞ்சின் ஒன்றை எனக்குக் கொடுத்தார். 1949 முதல் 1954 வரை அங்கே தயாரான இ8 பயணியர் டீசலின் 1:87 வடிவம் அது. பென்சில்வேனியா ரயில்ரோடின் அரக்குச் சிவப்பும் ஐந்து பொன்வரிகளும் இன்னும் மங்கவில்லை.

என் பாதை, எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகையில் 18 அங்குல ஆர வளைவுகளோடு அமைந்த நீள்வட்டம். அதில் என் இரு சிறிய ஷன்டிங் எஞ்சின்கள் (நிலையத்துக்குள் பெட்டிகளை இடம் மாற்றுபவை) தொல்லையின்றி ஓடுகின்றன. இ8 மட்டும் நேர்ப்பாதையிலேயே நொண்டுகிறது. வளைவுக்குள் நுழைந்ததும் பின்போகி (எஞ்சினுக்கு அடியில் திரும்பும் பின்பக்கச் சக்கரத் தொகுதி) தடம் புரள்கிறது. வளைவைப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமா? அதோடு, இந்த நிறத்தைப் பார்த்தால் நம் ரயில்வேயின் பழைய அரக்குநிறப் பெட்டிகளை இதன் பின்னால் மாட்ட ஆசையாக இருக்கிறது. பொருந்துமா? எஞ்சினோடு வந்த மின்பெட்டி 120 வோல்ட்டுக்கானது என்பதால் அதை இன்னும் செருகவில்லை.

பழைய பணிமனை எழுதியது:

தம்பி, மின்பெட்டியைச் செருகாமல் விட்டது நல்ல காரியம். நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டியிருந்தால் சில நொடிகளில் புகைந்திருக்கும். எஸ்.பி. ரோட்டு மின்பொருள் கடைகளில் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும்தான். ஆனால் ஷன்டிங் எஞ்சின்களை ஓட்டும் 12 வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி உங்களிடம் இருக்கும்போது அது வீண்செலவு.

வளைவை இப்போதைக்குத் தொடாதீர்கள். நேர்ப்பாதையிலும் நொண்டுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், நான் முதலில் எஞ்சினைத்தான் சந்தேகிப்பேன். குறைந்த வேகத்தில் ஓட்டி, எஞ்சின் துள்ளும் இடங்களைத் தண்டவாளத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து, குறிகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அசல் இ8-இன் சக்கர விட்டம் 36 அங்குலம். 1:87-இல் அது ஏறத்தாழ 10.5 மி.மீ.; ஆகவே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் எஞ்சின் 33 மி.மீ. நகரும். சரியாக அந்த இடைவெளியில் துள்ளினால், சக்கர அச்சின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் கியர் பிளந்திருக்கிறது என்று கொள்ளலாம். இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால் கோளாறு வேகமாகச் சுழலும் வார்ம் (மோட்டாரின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் திருகு) பக்கம் இருக்கும்.

பழைய மாதிரிகளில் இது அடிக்கடி வரும் நோய். எஃகு அச்சை இறுக்கமாக வாங்கிக்கொண்ட கியர், ஆண்டுக்கணக்கில் அந்த இறுக்கத்தைத் தாங்கித் தாங்கிக் கடைசியில் மயிரிழை அளவுக்கு வெடித்துவிடும். வெடித்த இடத்தில் இரு பற்களுக்கிடையே இடைவெளி கூடுவதால்தான் துள்ளல். பல மாதிரிகளில் இரண்டு அரை அச்சுகளை இணைத்துப் பிடித்திருப்பதே அந்தக் கியர்தான் என்பதால், அதன் பிடி தளர்ந்ததும் சக்கரங்கள் மெல்ல விலகி, வளைவில் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். நொண்டுவதும் தடம் புரள்வதும் உங்களுக்கு இரண்டு நோயாகத் தெரிகிறது. எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

பசை போட்டு ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. கியரை மாற்றத்தான் வேண்டும்.

மல்லேஸ்வரம்87 எழுதியது:

பெரியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் வளைவுக்கும் இதில் பங்கு உண்டு. நம் அகல ரயில் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர் வரும். உங்கள் 18 அங்குலத்தை அசல் அளவுக்குப் பெருக்கினால் 40 மீட்டர்தான். சிறிய எஞ்சின்கள் அதில் திரும்பிவிடும். இ8-இன் நீளமோ 70 அடிக்கு மேல், மாதிரியில் 24.6 செ.மீ.

போகிக்கு மூன்று அச்சுகள் இருப்பதையும் மறக்க வேண்டாம். அசல் எஞ்சினில் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. எடையைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை. (நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.பி.-4 டீசல் எஞ்சினிலும் ஆறில் நான்கு அச்சுகளுக்குத்தான் மோட்டார். ஆனால் அதில் சும்மா உருளுபவை போகிகளின் உட்பக்க அச்சுகள்.) என்னிடமுள்ள இ8-இல் போகியின் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 49 மி.மீ. இருக்கிறது. 18 அங்குல வளைவில் அதன் நடுச்சக்கரம் 0.66 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாக வேண்டும். விரலால் தள்ளிப் பாருங்கள். பழைய கிரீஸ் இறுகி அது நகராமல் நின்றால், புதுக் கியர் போட்ட பிறகும் தடம் புரளும். நான்கடி அகலப் பலகையில் 22 அங்குல ஆரம் தாராளமாக அடங்கும்.

ஹெப்பாள்_கேஜ் எழுதியது:

அரக்குநிறப் பெட்டிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் 1676 மி.மீ. அகலப் பாதை 1:87-இல் 19.3 மி.மீ. ஆக வேண்டும், எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. ஆகையால் எச்.ஓ. பாதையில் ஓடும் இந்தியப் பெட்டி எதுவும் இடுப்புக்குக் கீழே ஒல்லியாகத்தான் தெரியும். மாட்டினால் ஓடும், ஆனால் என் கண்ணுக்கு உறுத்தும். அந்தப் பொன்வரிகளின் மேல் வேறு வண்ணம் அடிக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

அல்சூர்வாசி எழுதியது:

அளந்தேன்; குறிகளுக்கிடையே 33 மி.மீ., ஒரு முடி அளவுகூட மாறவில்லை. போகியின் அடித்தட்டைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தபோது, பின்போகியின் கடைசி அச்சில் கியர் நீளவாக்கில் பிளந்திருந்தது. அந்த அச்சின் இரு சக்கரங்களையும் விரலால் இழுத்தால் விலகின. மாற்றுக் கியர் வரவழைத்துப் பொருத்தி, சக்கர இடைவெளியை அளவுத்தகட்டால் சரிபார்த்த பின் நேர்ப்பாதையில் துள்ளல் அறவே நின்றுவிட்டது.

வளைவில் தடம் புரள்வது முழுவதும் நிற்கவில்லை. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை, எப்போதும் ஒரே தண்டவாள இணைப்பில். நடுச்சக்கரம் தாராளமாக நகர்கிறது. பலகையோடு கண்ணை வைத்துப் பார்த்ததில் அந்த இணைப்பு சற்று ஒடிந்து நிற்பது தெரிந்தது. ஆகவே 22 அங்குல வளைவுகளை வெளிவட்டமாகப் போட்டுவிட்டு, பழைய உள்வட்டத்தை ஷன்டிங் எஞ்சின்களுக்கே விட்டுவிட்டேன். நேற்றிரவு இ8 நாற்பது சுற்றுகள் ஓடியது. அரக்குநிறப் பெட்டி ஒன்றை மாட்டியும் பார்த்தேன். ஹெப்பாள் அண்ணா சொன்னது சரிதான். ஆனாலும் இன்னும் கழற்றவில்லை.