சாவி, கதவு, காவல்: ஹோட்டல் வேலையில் மனசை விட்டுப் போகாத சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

நைட்_ஷிப்ட்_மதுரை

ஃப்ரண்ட் ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ராத்திரி ஒன்றரை இருக்கும், நைட் ஆடிட், அதாவது அன்றைய கணக்கு முடிக்கிற வேலை, ஓடிக்கொண்டிருந்தது. நல்ல சட்டை போட்ட ஒருவர் நேராக கவுண்டருக்கு வந்தார். கையில் செல்போன் மட்டும். "312. கார்டு உள்ளேயே மாட்டிக்கிச்சு, இன்னொண்ணு போட்டுக் கொடுங்க." அறை யார் பேரில் இருக்கிறது என்று டிரெய்னி பையன் கேட்டதும் தயங்காமல் சொன்னார். பேர் சரிதான். பையன் புதுக் கார்டை என்கோடரில், அதாவது அறைக் கார்டு பதிகிற கருவியில், வைத்தே விட்டான். அது பீப் அடிப்பதற்குள் நான் கார்டை உருவி எடுத்துவிட்டேன்.

பதிவில் 312-ல் ஒரே ஆள், பெண். கூட யார் பேரும் இல்லை. அடையாள அட்டை கேட்டேன், "ரூம்ல இருக்கு" என்றார். அறைக்கு போன் போடட்டுமா என்றேன். "வேணாங்க, தூங்கிட்டு இருப்பா." உள்ளே ஆள் இருந்தால் கதவைத் தட்டினாலே போதுமே, கீழே எதற்கு வர வேண்டும்? பெல் பாய் கூட வருவான், உள்ளே இருப்பவர் சொன்னால்தான் திறப்பான் என்றேன். "தாராளமா" என்று லிஃப்ட் வரை நடந்தார். லிஃப்ட் கதவு திறந்தது. "வண்டியில பர்ஸை விட்டுட்டேன்" என்று வாசல் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. விடியும்வரை மூன்றாவது மாடியில் செக்யூரிட்டியை உட்கார வைத்தேன்.

காலையில் அந்த அம்மா பில் கட்ட வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ராத்திரி என்னைத் தேடி யாராவது வந்தாங்களா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். முகத்தில் ஆச்சரியமே இல்லை. "கட்டம் போட்ட சட்டையா?" என்று மட்டும் கேட்டார்.

கேமரா பதிவைப் பார்த்தோம். முந்தின நாள் சாயங்காலம் ராத்திரி வந்த அதே ஆள் லாபி சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார். பெல் பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "மேடம், 312, மூணாவது மாடி" என்று சத்தமாகக் கூப்பிடுகிறான். இப்போது எங்கள் இடத்தில் அறை எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கார்டு உறையில் எழுதி விரலால் காட்டுவதுதான். உங்கள் இடத்தில் எப்படி?

பம்ப்_ரூம்

சாவி கேட்டு வருபவனையாவது எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். பூட்டின கதவை என்ன செய்வது?

தீயணைப்புக் கருவி ரீஃபில், சர்வீஸ்தான் என் வேலை. ஒரு கோயில் ஊரில் நாலு மாடி லாட்ஜ். பின்பக்கப் படிக்கட்டில் லாண்டரி மூட்டை, கிழிந்த மெத்தை, கால் உடைந்த நாற்காலி. எல்லாவற்றையும் தாண்டி இறங்கினால் கீழே வெளியேறும் கதவில் சங்கிலி போட்டுப் பெரிய பூட்டு. அந்தப் பூட்டின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. நான் போனது பங்குனி மாசம். நடுவில் ஒருத்தர்கூட அதைத் திறக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? சாவி எங்கே என்றேன். மேனேஜரிடம். மேனேஜர்? வீட்டுக்குப் போய்விட்டார்.

தீயணைப்பு பம்ப் பேனலைப் பார்த்தால் ஸ்விட்ச் 'மேனுவல்'. ஆட்டோவில் போட்டால் ராத்திரியில் தானாக ஓடிச் சத்தம் போடுகிறதாம். எங்கேயோ லைனில் கசிவு, பிரஷர் இறங்க இறங்க ஜாக்கி பம்ப் (லைனில் பிரஷரைக் காக்கிற சின்ன பம்ப்) எடுக்கிறது. கசிவை அடைக்காமல் பம்பை ஊமையாக்கிவிட்டார்கள்.

2019 பிப்ரவரி 12 விடியற்காலை, டெல்லி கரோல் பாக் ஹோட்டல் தீயில் 17 பேர் போனார்கள். அவசர வழி பூட்டியிருந்தது என்றுதான் அன்றைக்குச் செய்திகள் வந்தன. 1980-ல் லாஸ் வேகாஸ் எம்ஜிஎம் கிராண்டில் 85 பேர். நெருப்பு பிடித்தது கீழ்த்தளத்தில், செத்தவர்களில் பெரும்பாலோர் மேல்மாடிகளில், புகையில். இதைச் சொல்லி அந்த லாட்ஜ்காரரிடம் கெஞ்சினேன். "சர்வீஸ் ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்களா தம்பி?" என்றார்.

கிரிவலப்_பாதை_லாட்ஜ்

@பம்ப்_ரூம், நாங்களும் பூட்டுகிறவர்கள்தான். வேண்டுமென்று யாரும் பூட்டுவதில்லை. பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலையில் வந்து பாருங்கள். கிரிவலம் போகிற கூட்டத்தில் யார் என் விருந்தாளி, யார் தெருவில் போகிறவர் என்று வாசலில் இருப்பவனுக்கே தெரியாது. பின்கதவு திறந்திருந்தால் பாத்ரூம் தேடி ஏறுகிறார்கள், வராந்தாவில் படுத்துவிடுகிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் இரண்டாவது மாடி அறையில் சுவரில் டிவி இல்லை. நான்கு ஸ்க்ரூவும் கழற்றி ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்திருக்கிறது. கட்டில்மேல் ஒரு பெட்ஷீட் குறைகிறது. அதில் சுற்றி பின்படிக்கட்டு வழியாகத்தான் போயிருக்கிறது. ஸ்டேஷனில் கேமரா பதிவு கேட்டார்கள். கேமரா ரிசப்ஷனையும் கல்லாவையும்தான் பார்க்கும். கொடுத்த ஆதார் நகலில் இருந்த முகமும் வந்தவர் முகமும் ஒன்றுதானா என்று கேட்டார்கள், எங்கள் ஆளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம்தான் பூட்டு. சாவி வாட்ச்மேன் இடுப்பில் இருக்கும், நெருப்பு என்றால் ஓடிப்போய்த் திறப்பார். இதை நான் தப்பு என்று நினைக்கவில்லை.

மாடி_நாலு_ஹவுஸ்கீப்பிங்

முதல் பதிவு போட்ட அண்ணாவுக்கு. நீங்கள் ரிசப்ஷனில் நின்று கேட்டீர்கள், மேனேஜர் பக்கபலம் இருந்தது. நாங்கள் மாடியில் தனியாக நிற்கிறோம்.

சென்னையில் பெரிய ஹோட்டல். அறை சுத்தம் பண்ணும்போது ட்ராலியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்துவோம். ஒருவர் இரண்டு கையிலும் துணிக்கடைப் பைகளோடு ட்ராலியைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார். "சார், உங்க கார்டை ஒரு தடவை கதவுல காட்டுங்க" என்றேன். "என் ரூம்தான், நீ வேலையைப் பாரு." திரும்பவும் கேட்டேன். பையைக் கீழே வைக்காமல், சட்டைப் பையிலிருந்த கார்டைக் குனிந்து பல்லால் கடித்து எடுத்து, என் முகத்துக்கு நேராக நீட்டினார். வாங்கி லாக்கில் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அவர் அறைதான்.

சாயங்காலம் புகார் போனது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்டேன். ஷிப்ட் தொடங்கும்போது அந்த மாடியின் எல்லா அறையையும் திறக்கிற மாஸ்டர் கார்டுக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம், முடிந்ததும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். அறையில் ஒரு மோதிரம் காணோம் என்றால் முதலில் எங்கள் பையைத்தான் கொட்டிப் பார்ப்பார்கள். அப்போது "யாரையோ உள்ளே விட்டாயே" என்று கேட்பது இதே ஆட்கள்தான். நான் இப்போதும் கார்டு கேட்கத்தான் செய்கிறேன்.

லாக்_சர்வீஸ்

அக்கா செய்தது நூற்றுக்கு நூறு சரி. எந்தக் கார்டு எத்தனை மணிக்குத் திறந்தது என்று லாக்கிலேயே பதிவாகும், கையடக்கக் கருவியை வைத்து எடுத்துவிடலாம். ஒரு திருட்டுப் புகாரில் அப்படி எடுத்துக் கொடுத்துத்தான் ஒரு ரூம் பாய் தப்பித்தார். அவர் கார்டு அன்றைக்கு அந்தக் கதவைத் தொடவே இல்லை.

ஆனால் பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். 2024 மார்ச்சில் ஹோட்டல்களில் போடுகிற சாஃப்லாக் வகைக் கார்டு பூட்டுகளில் போலிக் கார்டால் திறக்கிற ஓட்டை இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல் கதவுகள். உள்ளே டெட்போல்ட் (உள்பக்கத் தாழ்) போட்டிருந்தாலும் அந்தக் கார்டு திறந்துவிடும். தனியாகத் தங்குபவர்கள் கொண்டிச் சங்கிலியையும் மாட்டுங்கள்.

விருந்தாளி_மட்டும்

நான் ஹோட்டல் ஆள் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் நடந்த கல்யாண ரிசப்ஷனுக்குப் போய் வேலட்டில் (காரை வாங்கி நிறுத்தித் தருகிற ஊழியரிடம்) காரைக் கொடுத்தேன். திரும்பி வரும்போது போர்டிகோ மேசையில் யாரும் இல்லை. மேசைக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் ஆணி ஆணியாக அத்தனை கார் சாவியும் தொங்குகிறது. நானே எட்டி என் சாவியை எடுத்தேன். காரைத் தேடிக் கண்டுபிடித்து ஓட்டிக்கொண்டு கேட் வரை வந்தேன். கேட்டில் சல்யூட் அடித்தார்கள்! இறங்கிப் போய் சூப்பர்வைசரைக் கேட்டால் டோக்கனைத் திருப்பிக் காட்டுகிறார், 'வாகனம் உரிமையாளர் பொறுப்பு'. அவ்வளவுதானா?

ரிட்டயர்டு_சீஃப்

@விருந்தாளி_மட்டும், அவ்வளவுதான் இல்லை. 1998 ஆகஸ்ட் 1 ராத்திரி டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் வேலட்டில் விட்ட மாருதி ஜென் காரை வேறொரு ஆள் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு கார் ஹோட்டலின் பாதுகாப்பில் இருக்கிறது, தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கு 'உரிமையாளர் பொறுப்பு' என்ற அச்சு எழுத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சாவிப் பலகை பூட்டுகிற பெட்டிக்குள் போக வேண்டும். டோக்கன் இல்லாமல் கார் வெளியே போவதை கேட்டில் நிற்பவர் தடுக்க வேண்டும்.

இப்போது @கிரிவலப்_பாதை_லாட்ஜ். உங்கள் டிவி போனது உண்மை, கோபமும் நியாயம். ஆனால் வாட்ச்மேன் இடுப்புச் சாவியை நம்பாதீர்கள். கரண்ட் போய், வராந்தா முழுக்கப் புகை, வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கிறார், அவரைத் தேடுவது யார்? உள்ளே இருப்பவன் சாவி இல்லாமல், வெளிச்சம் இல்லாமல், ஒரே தள்ளில் வெளியே போக வேண்டும். இதற்குத்தான் பேனிக் பார், அதாவது கதவின் உள்பக்கம் குறுக்கே மாட்டுகிற தள்ளுகம்பி, இருக்கிறது. உள்ளேயிருந்து இடுப்பால் இடித்தாலே திறக்கும், வெளிப்பக்கம் கைப்பிடியே வைக்காதீர்கள். கதவு திறந்தால் ரிசப்ஷனில் மணி அடிக்கிற மாதிரி ஒரு காந்த சென்சார், கதவைப் பார்த்து ஒரு கேமரா. டிவி தூக்குகிறவன் மணி அடித்தால் ஓடிவிடுவான். மின்காந்தப் பூட்டு போடுவதாக இருந்தால் தீ அலாரம் பேனலோடு இணையுங்கள், கரண்ட் போனால் தானாக விடுகிற வகையாக இருக்கட்டும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கிச்சனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். சிலிண்டர் சமையல் வாயு (எல்பிஜி) காற்றைவிடக் கனம், தரையோடு ஊரும். அதற்கான கேஸ் டிடெக்டரை உத்தரத்தில் மாட்டி வைத்திருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்தாயிற்று, அதனால் ஒரு பயனும் இல்லை, தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். 19 கிலோ சிலிண்டர்களை அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள், கடைசி ஆர்டர் முடிந்ததும் மெயின் வால்வை மூட ஒரே ஒருவர் பொறுப்பு என்று பேர் எழுதி ஒட்டுங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அதற்கென்று தனி ரசாயனக் கருவி உண்டு. மின் பேனல் பக்கம் கார்பன் டை ஆக்சைடு. சிம்னி குழாயில் படிகிற எண்ணெய்ப் பிசுக்கை ஆள் வைத்துச் சுரண்டுங்கள், தீ அந்தக் குழாய் வழியாகத்தான் மாடி ஏறும். அழுத்தம் காட்டும் முள் உள்ள தீயணைப்புக் கருவிகளில் அது பச்சையில் இருக்கிறதா என்று மாசாமாசம் பார்க்கவும் செய்யுங்கள்.

கொழும்பு_வரவேற்பு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் ஷங்ரிலா, சினமன் கிராண்ட் ஹோட்டல்களில் குண்டை வெடிக்க வைத்தவர்கள் மதில் ஏறிக் குதித்து வந்தவர்கள் இல்லை, அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள். அதற்குப் பிறகு எங்கள் இடத்திலும் எல்லாப் பையும் திறந்துதான் பார்த்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வயதான அம்மா, மகளின் விசா அலுவலாக வந்தவர். பையைத் திறக்கிறேன், உள்ளே பனங்கிழங்கும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும். "தம்பி, இந்த வயசிலும் நான் பை திறந்து காட்ட வேணுமோ?" என்று கேட்டார். எல்லாருக்கும்தான் அம்மா என்றேன். உண்மையும் அதுதான். சோதனைச் சாவடிகளில் எத்தனை தரம் அவர் பையைத் திறந்து காட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவும் காட்டியவர். சோதனையை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. கிழங்கை நானே திரும்ப அடுக்கி வைத்து, பையை அறை வரை தூக்கிக்கொண்டு போனேன்.

கிரிவலப்_பாதை_லாட்ஜ்

@ரிட்டயர்டு_சீஃப், பூட்டு விஷயத்தில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் வாட்ச்மேன் டீ குடிக்கப் போவது உண்மை. பேனிக் பார் விலை விசாரிக்கிறேன். கதவின் போட்டோ போட்டிருக்கிறேன், இதில் மாட்ட முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பம்ப்_ரூம்

பார்த்தேன் சார். கீல் உள்பக்கம் இருக்கிறது, அதாவது உள்ளே இழுத்துத் திறக்கிற கதவு. இதில் பார் மாட்டிப் பயனில்லை. பின்னால் கூட்டம் முட்டும்போது முன்னால் நிற்பவனால் இழுக்கவே முடியாது. ஃப்ரேமோடு கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி திருப்பி மாட்டணும், நல்ல வெல்டர் ஒரு நாளில் செய்துவிடுவார். அப்புறம், படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டர் டீசல் கேன் இரண்டு தெரிகிறது. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.