கீழத்தஞ்சைப் பக்கம் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடு தேடியவர்கள் உண்டா?

வணக்கம். எங்கள் குடும்ப வரலாறு எழுதத் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடுகிறேன். 1930களில் வீட்டிலேயே பிறந்தவர். அப்போது கிராம முன்சீப்தான் எழுதிவைப்பார். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் பல இடங்களில் ‘ஆண் குழந்தை’ என்றுதான் இருக்குமாம். சரி, கொள்ளுத்தாத்தா பெயரை வைத்துத் தேடலாம். அவர் இறந்தது “52 புயலுக்கு அடுத்த தை” என்பார் பாட்டி. அதாவது 1953 ஜனவரி, இல்லை பிப்ரவரி. தாத்தா கல்யாணத்துக்கு ஆதாரம் மஞ்சள் தடவிய பத்திரிகை மட்டும். அதையும் கரையான் பாதி தின்றுவிட்டது!

1980இல் முன்சீப் பதவியை ஒழித்த பிறகு அந்தப் பதிவேடுகள் யார் கைக்குப் போயின? தாலுகா அலுவலகமா, சார்பதிவாளரா? இரண்டு அலுவலகம் ஏறி இறங்கிவிட்டேன், ஆளுக்கொரு பதில். தேடி எடுத்தவர்கள் மனு எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்களேன்.