குவிசென்ட் கரண்ட்: தமிழில் என்ன சொல்? (வியாழன் இரவுக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், திங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான மின்னணுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் இரவு அச்சுக்குப் போகிறது. ஐந்தாம் பாடம், கட்டைவிரல் நகம் அளவு மின்கலத்தில் எல்இடி விளக்கை மாதக்கணக்கில் மினுக்க வைப்பது பற்றியது. மின்னழுத்தச் சீராக்கி, நுண்கட்டுப்படுத்தி, உறங்குநிலை, கசிவு மின்னோட்டம் எல்லாம் ஒருவழியாகப் படிந்துவிட்டன. ஒரே ஒரு சொல் மூன்று நாளாக என்னை நகரவிடவில்லை: குவிசென்ட் கரண்ட்.

அது வரும் இடம் இது. மின்கலத்தின் மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தித் தருவது சீராக்கி. அதன் வெளிவாயில் எதையும் இணைக்கவில்லை. எல்இடி அணைந்திருக்கிறது. அப்போதும் சீராக்கி தன் உள்வேலைக்கென்று மின்கலத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் பெயர் வேண்டும். 1117 வகைச் சீராக்கியில் அது ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர். எம்சிபி1700-இல் 1.6 மைக்ரோ ஆம்பியர். 150 மில்லி ஆம்பியர் மணி உள்ள சிறு லித்தியம் மின்கலத்தை முதலாவது 30 மணி நேரத்தில் காலி செய்துவிடும், விளக்கு ஒருமுறைகூட எரியாமலே. இரண்டாவதற்குக் கணக்குப் போட்டால் பத்தாண்டைத் தாண்டுகிறது. அதற்குள் மின்கலம் தானாகவே வடிந்துபோகும்.

கைவசம் உள்ளவை: ஓய்வு மின்னோட்டம், அமைதிநிலை மின்னோட்டம், வெற்று மின்னோட்டம். மூன்றிலும் எனக்கு நிறைவில்லை.

பட்டறை ஆசிரியை, திங்கள் இரவு

அந்த 30 மணி நேரத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண் காகிதப் பூவுக்குள் எல்இடி வைத்து, பத்து நொடிக்கு ஒருமுறை மினுக்கும்படி, நுண்கட்டுப்படுத்தியும் சீராக்கியும் சேர்ந்த ஆயத்த அட்டை ஒன்றில் நிரல் ஏற்றியிருந்தாள். சனிக்கிழமை காலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். திங்கள் வந்து பார்த்தால் பூ இருண்டு கிடக்கிறது. மின்கலத்தை மறுபடி ஏற்றி, சிவப்புக் கம்பியைத் துண்டித்து நடுவில் மல்டிமீட்டரை வைத்தோம். நுண்கட்டுப்படுத்தி உறங்குகிறது, எல்இடி அணைந்திருக்கிறது, மீட்டரில் மட்டும் 4.9 மில்லி ஆம்பியர். “எதுவுமே எரியலையே மிஸ், அப்ப யார் தின்றது?” என்று கேட்டாள்.

நாம் தேடும் சொல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘ஓய்வு’ என்றால் பிள்ளைகள் காதில் ‘ஓடவில்லை’ என்றுதான் விழும். ‘வெற்று’ வேண்டவே வேண்டாம். அது வீண் இல்லை, சீராக்கி தன் உள்ளே ஓர் அளவுகோல் மின்னழுத்தத்தை நிறுத்திவைக்கக் கொடுக்கும் விலை. நாங்கள் வகுப்பில் ‘சும்மா கரண்ட்’ என்கிறோம். யாருக்கும் விளக்கவேண்டி வந்ததில்லை.

தமிழாசிரியர், செவ்வாய் காலை

அம்மா, ‘சும்மா’ பேச்சுச்சொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. கந்தரநுபூதியில் முருகனே ‘சும்மா இரு சொல்லற’ என்கிறான். அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. ‘சும்மா கிடைத்தது’ என்றால் விலையில்லாமல் கிடைத்தது என்று பொருள். நீங்களே இதை விலை என்கிறீர்கள். விலை கொடுத்து வாங்குவதைச் சும்மா என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

‘ஓய்வு’ பற்றி உங்கள் அச்சத்துக்குத் தொல்காப்பியத்தில் மறுமொழி இருக்கிறது. உரியியல்:

> ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்
> ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்

‘உள்ளதன் நுணுக்கம்’ என்ற இரண்டு சொல்லைப் பாருங்கள். ஓய்தல் என்பது இல்லாமற் போவதன்று. உள்ளது நுணுகி நிற்பது. விளக்கு அணைந்தபின் மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு நுணுகி ஓடும் மின்னோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எந்த மொழியில் கிடைக்கும்? ஆய்த எழுத்துக்குப் பெயர் வந்ததும் இந்த ஆய்தலால்தான் என்பார்கள், நுணுகிய ஒலி அது. ‘நிழத்தல்’ என்பதையும் விடவேண்டாம். ஒளி நுணுகிய இடம்தானே நிழல்? இரண்டும் ஒரே வேர் என்று நம்ப எனக்கு நெடுநாள் ஆசை. எல்இடியின் ஒளியைப் படிப்படியாகக் குறைப்பதற்கு ‘நிழத்தல்’ என்றே வைக்கலாம். கையேட்டில் அதற்கும் ஒரு பாடம் இருக்கிறதா?

சுற்றுப் பொறியாளர், செவ்வாய்

ஐயா, நூற்பா அருமை. நிழத்தல் இன்னும் அருமை. ஆனாலும் ‘மங்கவைத்தல்’ எல்லோர் வாயிலும் இருக்கிறது, அதை எடுக்க வேண்டாம்.

‘உள்ளதன் நுணுக்கம்’ என்பதில் எனக்கு ஓர் இடைஞ்சல். குவிசென்ட் கரண்ட் சிறிதாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. ஒலியைப் பெருக்கும் ஏ வகுப்பு மிகைப்பியில் ஓசையே இல்லாதபோதும் ஆம்பியர் கணக்கில் ஓடும். அதுவும் குவிசென்ட் கரண்ட்தான். சொல்லின் கரு சிறுமை இல்லை. வேலை வராதபோது ஓடுவது, அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை உறக்கத்தோடு யாரும் குழப்பிவிடக் கூடாது. கையேட்டின் நாணய மின்கலக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட், சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும், அதனால் சீராக்கியே இல்லாமல் ஒரு மின்தடையோடு நேராக இணைக்கலாம். 2 நொடிக்கு ஒருமுறை 5 மில்லி நொடி மட்டும் 5 மில்லி ஆம்பியரில் எரியவிட்டால் சராசரி 12.5 மைக்ரோ ஆம்பியர்தான். அட்டைனி85 என்ற நுண்கட்டுப்படுத்தி தன்னை எழுப்பும் காவல் கடிகாரத்தை மட்டும் ஓடவிட்டு உறங்கும்போது 5 மைக்ரோ ஆம்பியருக்குள் எடுக்கும். கூட்டினால் 17.5. மின்கலம் காகிதக் கணக்கில் 17 மாதம் தாங்கும். இங்கே உறங்குநிலை மின்னோட்டம் உண்டு, சீராக்கியின் குவிசென்ட் கரண்ட் கிடையாது. அந்தப் பெண்ணின் பூவில் இரண்டும் இருந்தன, இரண்டாவதுதான் தின்றது. ஆகவே உறங்கு, துஞ்சு, துயில் எதையும் இதற்கு இழுக்காதீர்கள்.

என் முன்மொழிவு: சுமையிலா மின்னோட்டம்.

நூலகர், செவ்வாய் இரவு

‘சுமையிலா’ மின்மாற்றிக்கும் மோட்டாருக்கும் முன்பே போய்விட்டது. நாளை அதே பிள்ளை அங்கே தடுமாறும்.

நான் இரண்டு நாளாக வேறொன்றைச் சுற்றிவருகிறேன். இது யாருடைய மின்னோட்டம்? விளக்கினுடையது அன்று, சுற்று தனக்கென்று எடுத்துக்கொள்வது. தன் + செலவு = தற்செலவு. தற்சார்பு போல, தற்காப்பு போல. ‘மின்னோட்டம்’ என்று வாலில் சேர்க்கவும் வேண்டாம், செலவுக்குள்ளேயே ஓட்டம் இருக்கிறது. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தயங்கி நின்றுவிடுவதுதானே செலவழுங்கல்? செல்வதும் செலவு, செலவாவதும் செலவு. ஓடவும் வேண்டும், மின்கலத்தைக் குறைக்கவும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. அந்த மாணவியின் ‘யார் தின்றது?’ என்ற கேள்விக்கும் இதில்தான் நேர்ப்பதில்.

வள்ளுவர் இந்தப் பாடத்தையே எழுதிவைத்திருக்கிறார்:

> ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
> போகாறு அகலாக் கடை

வரும் வழி சிறிதாக இருந்தாலும் போகும் வழி அகலாவிட்டால் கேடில்லை. சின்ன மின்கலத்துக்கு வேறென்ன சொல்ல இருக்கிறது? ‘போகாறு’ என்றே வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அது எல்லாச் செலவுக்கும் பொது என்பதால் விட்டேன். பாடத்தின் முகப்பில் இந்தக் குறளைப் போடும்படி மொழிபெயர்ப்பாளரை வேண்டுகிறேன்.

தமிழாசிரியர், புதன் காலை

புணர்ச்சி சரி. ஆனால் வேகமாகப் படிக்கும் கண்ணுக்குத் ‘தற்செலவு’ ‘தற்செயல்’ ஆகிவிடும். தற்செயலாக ஓடும் மின்னோட்டம் என்று நினைத்தால் பாடமே தலைகீழ்.

‘ஓய்வு’ பிள்ளைகளுக்கு விளங்காது என்பவர்களுக்கு ஒன்று. ‘ஓய்வூதியம்’ எல்லா வீட்டிலும் புழங்கும் சொல். வேலை நின்றபின்னும் தொடர்ந்து கொடுக்கப்படுவது. ஓய்வு என்றால் கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது என்று தமிழர் யாரும் நினைப்பதில்லை.

தனித்தமிழ் அன்பர், புதன்

இத்தனை நுணுக்கமும் பார்க்கும் மடலாடலில் ‘எல்இடி’, ‘கரண்ட்’, ‘மல்டிமீட்டர்’ என்று கூசாமல் எழுதுகிறோமே, அது எனக்கு வலிக்கிறது. ஒளியுமிழி என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கு விளங்காது? இலங்கைப் பாடநூல்கள் டையோடை ‘இருவாயி’ என்று எழுதின, பிள்ளைகள் படித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். சொல்லைக் கொடுத்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். கொடுக்கத் தயங்குகிறவர்கள் நாம்தான்.

சுற்றுப் பொறியாளர், புதன்

கொடுக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை நாளை ஒரு சீராக்கியின் தரவுத்தாளை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பைத் திறக்கும். அங்கே இருப்பது ‘ஐகியூ’ என்ற குறியும் ஆங்கிலப் பெயரும்தான். அதை அடையாளம் காணாவிட்டால் சரியான சீராக்கியைத் தேர்ந்தெடுக்க முடியாது, பூ மறுபடி இருண்டுவிடும். குவிசென்ட் என்றே தமிழ் எழுத்தில் எழுதினாலும் எனக்குக் குறையில்லை. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தில் வந்து படிந்தால் விலக்க வேண்டிய சொல் இல்லை என்று தமிழாசிரியர் ஐயா காட்டிய தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

தமிழாசிரியர், புதன் இரவு

‘படினே’ என்று முடிவதைப் பார்க்க வேண்டும். காலத்தில் வந்து படிந்த சொல்லுக்குத்தான் அந்த இடம். எல்இடி படிந்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. குவிசென்ட் யார் வாயில் படிந்திருக்கிறது?

மொழிபெயர்ப்பாளர், வியாழன் மதியம்

எல்லோருக்கும் நன்றி. இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது. தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன். ஓய்வு மின்னோட்டம் ஐந்து, தற்செலவு மூன்று, சும்மா ஒன்று, ஒலிபெயர்ப்பு ஒன்று. ஐந்தில் இருவர் ‘வேறு வழியில்லாமல்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

ஓய்வு மின்னோட்டம் என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘விளக்கு எரியாதபோதும் சுற்று தனக்கென எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம்’ என்ற விளக்கமும், தரவுத்தாளில் தேட வேண்டிய குறியும் இருக்கும். அந்த விளக்கம் தற்செலவின் பொருள்தான் என்பது நூலகர் ஐயாவுக்குத் தெரியும். குறள் முகப்பில் வருகிறது. ‘எல்இடி’ அப்படியே இருக்கும், அன்பர் பொறுத்தருள வேண்டும்.

ஒரு சிக்கல் மிச்சம். பக்கம் 14-இல் அட்டவணைத் தலைப்புக்கு இடம் போதவில்லை. ‘ஓய்வோட்டம்’ என்று சுருக்கலாமா?

நூலகர், வியாழன்

வேண்டாம். ஓய்வு, ஓட்டம் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. தற்செலவு அந்தக் கட்டத்துக்குள் முழுதாக அடங்கும்.

தமிழாசிரியர், வியாழன்

முட்டிக்கொள்வதே பொருள். ஓய்வில் ஓடுவது. ஓய்வோட்டம் நிற்கட்டும்.

நூலகர், வியாழன் மாலை

கையேடு உங்கள் பொறுப்பு, அதற்குமேல் நான் சொல்ல முடியாது. என் எதிர்ப்பைப் பதிந்துவைக்கிறேன். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.

பட்டறை ஆசிரியை, வெள்ளி

அச்சுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பூவின் செய்தியைச் சொல்லத்தான் இந்த மடல்.

பழைய சீராக்கியை எடுத்துவிட்டு எம்சிபி1700 வைத்தோம். மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு மீட்டரைத் திருப்பினால் எல்இடி மினுக்கும் கணத்தில் மீட்டரின் உள்தடையில் மின்னழுத்தம் விழுந்து அட்டை மறுதொடக்கம் ஆகிவிடுகிறது. அதனால் அட்டையைக் கழற்றிவிட்டுச் சீராக்கியை மட்டும் வைத்து, மின்கலத்துக்கும் அதற்கும் நடுவே 1000 ஓம் மின்தடை போட்டு, அதன் இரு முனையிலும் மில்லிவோல்ட் பார்த்தோம். ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர். 1.7 காட்டியது. அவளையே எழுதிவைக்கச் சொன்னேன். நம் மூன்று சொற்களும் கரும்பலகையில் இருந்தன. அவள் பூவின் அடியில் ஒட்டிய தாளில் ‘தின்றது: 1.7’ என்று எழுதியிருக்கிறாள்.