தினமும் வேதம் வாசிக்கிறேன், ஆனால் தேவனோடு பேசி மாதக்கணக்காகிறது

காலை ரயில்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணி என்றால் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அப்புறம் அம்மா முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள், நாங்கள் தூங்கி விழுவோம். அப்படி வளர்ந்தவள்தான் நான். இந்த வருஷம் பிறந்த ராத்திரி ஆராதனையில் அம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டை சங்கீதம் 91:16. ‘நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்.’ வீட்டுக்கு வந்ததும் அதைப் பீரோ கண்ணாடியில் ஒட்டினார்கள். ஜூன் மாதம் இறந்துபோனார்கள். 11 நாள் ஐசியு வாசலில் உட்கார்ந்து அந்த ஒரு வசனத்தையே சொல்லிச் சொல்லி ஜெபித்தேன். அட்டை இன்னும் கண்ணாடியில்தான் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

வாசிப்பை மட்டும் விடவில்லை. தாம்பரத்தில் ஏறினால் எழும்பூர் வருவதற்குள் மூன்று அதிகாரம், போனில்தான். ஜனவரி ஒன்றில் ஆரம்பித்தது, ஒரு நாள் தவறவில்லை, இந்த வாரம் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகம் மல்கியா முடித்தேன். ஆனால் ரயிலை விட்டு இறங்கும்போது இன்றைக்கு என்ன வாசித்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஜெபத்தில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் படிப்பு, இவருடைய வேலை, மாமியாரின் சர்க்கரை என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறேன். அவர் எதிரே இருக்கிறார் என்ற உணர்வே இல்லை. சபையில் சொன்னால் ‘விசுவாசத்தில் உறுதியாயிருங்கள் சிஸ்டர்’ என்கிறார்கள், அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. நாளைக் காலை ரயிலில் நான் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

நெல்லை வாத்தியார்:

தங்கச்சி, அம்மாவின் காரியம் கேட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. தேவன் உங்களைத் தேற்றுவாராக.

முதலில் ஒன்று. பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரம் இருக்கிறது, அதை இந்தத் துக்கத்தின் நடுவில் வாசித்து முடித்திருக்கிறீர்கள். அது வீண் என்று நினைக்காதீர்கள். ஆனால் நாளையிலிருந்து மூன்று அதிகாரத்தை நிறுத்திவிடுங்கள். நான் 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவன், வேகமாகப் படிக்கிற பிள்ளைக்குப் பொருள் நிற்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் வேதத்தை நானே பல வருஷம் அப்படித்தான் வாசித்தேன்.

முதலாம் சங்கீதத்தில் ‘இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்’ என்று வருகிறதே, அங்கே தியானத்துக்கு எபிரெயத்தில் இருக்கிற சொல் ஹாகா. கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பதற்கு அந்தச் சொல் வராது. வாய்க்குள் முணுமுணுப்பது அது. ஏசாயா 31:4-ல் சிங்கம் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமுவதற்கும் இதே சொல், 38:14-ல் எசேக்கியா ராஜா புறாவைப்போல் புலம்பினேன் என்கிறாரே, அங்கேயும் இதே சொல். இதை அறிந்த நாளிலிருந்து நான் வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். வாய்விட்டு வாசித்தால் கண் ஓடினாலும் நாக்கு ஓடாது.

சங்கீதம் 119 எடுத்துக்கொள்ளுங்கள். 176 வசனம், எட்டெட்டாக 22 பங்கு, எபிரெய எழுத்து ஒன்றுக்கு ஒரு பங்கு. நாளைக்கு ஒரு பங்கு போதும். அதிலும் எந்த வசனம் இடறுகிறதோ அதோடு நின்றுவிடுங்கள். எனக்கு மனைவி படுக்கையில் இருந்தபோது 25-ஆம் வசனம், ‘என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்.’ வேறு ஜெபமே வராத நாட்களில் இதைத்தான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். காலையில் கஞ்சி ஆற்றும்போது, மருந்துக் கடையில் நிற்கும்போது, ராத்திரி அவளைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது. அது ஒரு மாதம் ஓடியது.

பட்டறைத் தம்பி:

அக்கா, ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்த அட்டையைப் பற்றி யாரும் பேசாமல் விட்டால் நீங்கள் எத்தனை சங்கீதம் வாசித்தாலும் அது நடுவில் நிற்கும் என்று தோன்றுகிறது. அதனால் நேராகவே எழுதுகிறேன்.

தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, சாத்தான் இயேசுவிடம் எந்த வசனத்தைக் காட்டிக் கீழே குதிக்கச் சொன்னான்? மத்தேயு 4:6. அது இதே 91-ஆம் சங்கீதம்தான், 11, 12 வசனங்கள். இயேசு அந்தச் சங்கீதம் பொய் என்று சொல்லவில்லை. தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றார், குதிக்கவில்லை. அதே இயேசு அப்புறம் 33 வயது வாக்கில் சிலுவையில் மரித்தார். நீடித்த நாட்கள் என்று வருஷக் கணக்கில் பார்த்தால் அவருக்கே அது கிடைக்கவில்லை. இதை நினைத்து நினைத்து நான் பல நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன், எனக்கும் ஒரு அட்டை இருந்தது, எரேமியா 29:11, ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’. அண்ணனுக்கு நடந்த விபத்துக்கு அப்புறம்தான் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். சீக்கிரம் வந்துவிடுவீர்கள் என்று அதில் இல்லை. 70 வருஷம் ஆகும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள் என்று இருக்கிறது. கடிதத்தை வாங்கி வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அப்படியும் அது அவர்களுக்கு எழுதின கடிதம்தான். அதை அறிந்த பிறகு அந்த வசனம் எனக்கு உடையவில்லை அக்கா, முன்னைவிடக் கனமாகிவிட்டது.

91:16-க்கு முந்தின வசனத்தில் ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்று இருக்கிறது. ஆபத்தே வராது என்று இல்லை.

இன்னொன்று. உங்களுக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைச் சொல்லாமல் மாமியாரின் சர்க்கரையை மட்டும் சொன்னால் பேச்சு எப்படி வரும்? வீட்டில் கணவன் மனைவி முக்கியமானதைப் பேசாமல் பால் வாங்கியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று மட்டும் பேசினால் எப்படி இருக்கும், அதே மாதிரிதான். சங்கீதம் 13 வாசியுங்கள், ஆறே வசனம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. 88 இன்னும் கடினம், கடைசி வரைக்கும் விடியவே விடியாது. இதையெல்லாம் வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்றால் நாம் அதைச் சொல்லலாம் என்றுதானே?

திருச்சி வாசகி:

நான் கத்தோலிக்கச் சபை, எங்கள் வீட்டில் திருவிவிலியம், அதனால் என் சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும். லெக்சியோ டிவினா என்று ஒரு பழைய வழக்கம் உண்டு, துறவிகள் செய்தது, இப்போது எங்கள் பங்கில் இல்லத்தரசிகள் வியாழக்கிழமை கூடிச் செய்கிறோம். வாசிப்பு, தியானம், செபம், அப்புறம் சும்மா அவர்முன் இருப்பது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி இதைச் சாப்பாட்டை வைத்து விளக்கியிருக்கிறார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையைத் தேடி எடுக்கிறது, கடைசிப் படி அந்தச் சுவையே.

நான் எப்படிச் செய்கிறேன் என்றால், அன்றைய நற்செய்தி வாசகத்தை இரண்டு முறை வாசிப்பேன். எரிகோ வழியோரத்தில் பர்த்திமேயு என்கிற பார்வையற்றவர் கத்துகிறார், மாற்கு 10. அவருக்குப் பார்வை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் இயேசு, நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்கிறார். அன்றைக்கு நான் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, நான் பதில் சொல்லத் தெரியாமல் கரண்டியோடு நிற்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை சகோதரி, எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிய அந்தப் பட்டியலை வாசித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது, அதில் உங்கள் பெயர் இல்லை.

பதில் உடனே வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நாள் எனக்கு ஒன்றுமே தோன்றாது, அப்படியே எழுந்து வேலைக்குப் போவேன்.

காலை ரயில்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. 16 நாள் கழித்து வருகிறேன்.

தம்பி, கோபம் இருக்கிறது. அதை எழுதப் பார்த்த அன்றைக்கு ஒரே அழுகை, பக்கத்து சீட்டில் இருந்த பூக்கார அம்மா என்ன ஏது என்று கேட்காமல் ஒரு முழம் பூவை மடியில் வைத்துவிட்டு மாம்பலத்தில் இறங்கிப் போனார்கள்.

போனில் வாசிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் பைபிளை எடுத்தேன். மேலட்டை கிழிந்து, நடுவில் காய்ந்த குருத்தோலைச் சிலுவையும் யாருடையதோ கல்யாணப் பத்திரிகையும் வைத்து வீங்கிப்போன புத்தகம். வாக்குத்தத்த வசனங்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவில் கோடு. 13-ஆம் சங்கீதத்துக்கு வந்தால் முதல் இரண்டு வசனத்துக்கு மட்டும் பென்சில் கோடு, பக்கத்தில் 14.8.97 என்று தேதி. அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. எட்டு மணிக்கு முழங்காலில் நின்ற அம்மா இதையும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாமல்.

வாத்தியார் ஐயா சொன்னமாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போகிறேன், ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. 13-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் ஆறு நாள் இருந்தேன். இப்போது மூன்றாம் வசனம், ‘நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்’. இதைச் சொல்லும்போது மட்டும் எதிரே ஒருவர் இருக்கிற மாதிரி இருக்கிறது, கிண்டி தாண்டுவதற்குள் போய்விடுகிறது. அட்டையை இன்னும் எடுக்கவில்லை, ஆனால் நேற்று முழுசாக வாசித்தேன்.

ஐந்தாம் வசனம், ‘உம்முடைய இரட்சிப்பினால் என் இருதயம் களிகூரும்’, அது இன்னும் என் வாயில் வரவில்லை. வராததைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இப்போதைக்கு மூன்றிலேயே நிற்கலாமா?

நெல்லை வாத்தியார்:

நில்லுங்கள் தங்கச்சி. என் மனைவிக்காக நான் 25-ஆம் வசனத்தைத் தாண்ட ஒரு மாதம் ஆயிற்று என்று சொன்னேனே. ஒன்று மட்டும், அந்தப் பைபிளைத் தினமும் ரயிலில் கொண்டுபோனால் தையல் விட்டுவிடும், காலிகோ துணியில் அட்டை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.