கைப்பேசி இருக்கும்போது குரல் பதிவுக் கருவி எதற்கு?

குலவை:
நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தேடி ஊர் ஊராகப் போகிறேன். ஆறு ஆண்டுகளாகக் கையில் இருப்பது உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒன்றுதான். கைப்பேசியே போதுமே என்று உடன் வரும் மாணவர்கள் கேட்கிறார்கள். போதாது என்பது என் கட்சி. போன தை மாதம் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் ஒப்பாரி பாடச் சம்மதித்தார். சாவு விழாத வீட்டுக்குள் பாடக்கூடாது என்று களத்துமேட்டுக்கு அழைத்துப் போனார். கணவரை நினைத்துப் பாடத் தொடங்கி மூன்றாவது கண்ணியில் குரல் உடைந்த நேரம், பதிவு செய்துகொண்டிருந்த மாணவரின் கைப்பேசி அலறியது. பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இனி வராது கண்ணு" என்றார். அன்று என் ரெக்கார்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வைகைக்கரை:
அக்கா, அது கைப்பேசியின் குற்றம் இல்லை. விமானப் பயன்முறையில் போட்டிருந்தால் அழைப்பே வந்திருக்காது. உங்கள் கருவியை நானும் நம்பிக் கெட்டவன். ஒன்றரை மணி நேரப் பேட்டி, முடியும் தறுவாயில் பேட்டரி தீர்ந்தது. வீட்டில் வந்து பார்த்தால் கோப்பின் அளவு பூஜ்யம். நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போதுதான் கோப்பின் தலைப்பகுதி முழுமையாக எழுதப்படுமாம். அதற்குள் மின்சாரம் போனால் திறக்காது. பேட்டரி மாற்றியதில் கடிகாரமும் தொடக்கத்துக்குப் போய், அதற்குப் பின் எடுத்த பதிவுகளெல்லாம் ஜனவரி 1 என்று நிற்கின்றன. கைப்பேசியில் எடுத்தது அன்றிரவே மேகச் சேமிப்புக்குப் போய்விடுகிறது.

குலவை:
பூஜ்யக் கோப்பு எனக்கும் நேர்ந்திருக்கிறது, மறுக்க மாட்டேன். அதனால்தான் அரை மணிக்கு ஒருமுறை, பேசுபவர் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் நிறுத்திப் புதிதாகத் தொடங்குகிறேன். இன்னொன்று தம்பி, அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். எதைப் போட்டிருக்கிறோம் என்று கருவியின் மெனுவில் சொல்லாவிட்டால் பேட்டரி அளவுகாட்டி தவறாகத்தான் காட்டும். கைப்பேசியில் வேறு ஆபத்து உண்டு. திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பதிவுச் செயலியையே சில கைப்பேசிகள் மூடிவிடும். சிவப்பு விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. நின்றது நமக்குத் தெரியவே தெரியாது.

நீதிமன்றவாசல்:
வழக்கறிஞனாக ஒரு கோணம். மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கேட்கும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு குறித்து 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பதிவான மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி ஒப்படைத்து நிரூபித்தால் தனிச் சான்றிதழ் தேவையில்லை. இப்போது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவில், நகலுக்கான சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்புக்குக் கைரேகை போன்ற எண், கோப்பு மாறினால் அதுவும் மாறும்) குறிக்க வேண்டும். ரெக்கார்டரை உறையிலிட்டு நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வங்கி, குடும்பப் படங்கள் எல்லாம் உள்ள கைப்பேசியை யார் கொடுப்பார்கள்?

செவிவழி:
ஒலிப்பதிவு என் தொழில். இருவருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணையுங்கள். பாட்டி மூச்சு வாங்க நிறுத்தும் நொடியில் அது அளவை உயர்த்தும். மின்விசிறி இரைச்சல் மேலெழுந்து வரும். பெரும்பாலான ரெக்கார்டரில் இதை அணைக்கலாம், கைப்பேசியோடு வரும் செயலியில் பெரும்பாலும் முடியாது. குரல் கேட்டதும் தானே தொடங்கும் வசதி அதைவிட மோசம், முதல் அசையை விழுங்கிவிடும். 'ஆராரோ' என்று பாடினால் 'ராரோ' என்று பதிவாகும். ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 வடிவமும் வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்ற தரத்தில் சுருக்காத வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட்தான். இன்றைய நினைவட்டையில் அது ஒரு பொருட்டே இல்லை.

வைகைக்கரை:
எல்லாம் சரி ஐயா. ஆனால் கருவி வாங்கும்வரை முதுமை காத்திருக்குமா? என் தாத்தா மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையை ஓட்டும்போது பாடும் பாட்டை ஒரு மாலை திண்ணையில் தானாகவே பாடினார். சட்டைப்பையில் இருந்த கைப்பேசியை எடுத்து அழுத்தினேன். நாற்பது நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல கருவி வேண்டும் என்று அன்று இருந்திருந்தால் அவர் குரலே எங்கள் வீட்டில் இருந்திருக்காது. இதை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குலவை:
விட்டுக்கொடுக்க வேண்டாம் தம்பி. அந்த நேரத்தில் அதை எடுத்து அழுத்தினீர்களே, அது பெரிய காரியம். ஒன்று மட்டும் கேட்கிறேன். மூலக் கோப்பு இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பியது மட்டும் என்றால் அது சுருக்கப்பட்டது, குரலின் நுணுக்கங்கள் தேய்ந்திருக்கும்.

வைகைக்கரை:
சொந்தங்களுக்கு அனுப்பியதைத்தான் இதுவரை கேட்டுக்கொண்டிருக்கிறோம் அக்கா. மூலம் பழைய கைப்பேசியில். திரை உடைந்து மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மேகச் சேமிப்பு வைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். இன்றிரவே சார்ஜில் போட்டுப் பார்க்கிறேன்.