பட்டறையில் சோதித்த தொட்டிக்குத் தளத்தில் மறுபடியும் நீர்ச்சோதனை எதற்கு?

பட்டறைவாசி:
சேமிப்புத் தொட்டிகளைத் தளத்திலேயே தகடு தகடாகச் சேர்த்துக் கட்டுவதுதான் உத்தமம் என்று நேற்று இந்த மன்றத்தில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்ததைப் படித்து எரிச்சல்தான் வந்தது. மழையும் காற்றும் எட்டாத கூரையின் கீழ், தொட்டியை உருளைகளின் மேல் சுழற்றி, ஒவ்வொரு இணைப்பையும் வெல்டரின் கைக்கு வாகாகக் கொண்டுவந்து பற்றவைப்பதும், சாரத்தில் தொங்கியபடி பற்றவைப்பதும் ஒன்றாகுமா? கசிவுச் சோதனை முடிந்து, பெயின்ட்டும் பூசி வந்து இறங்கும் தொட்டியை மறுபடியும் நீரால் நிரப்பிச் சோதிக்கச் சொல்வது வீண் செலவு.

ஆறாம் வளையம்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். நீங்கள் செய்த கசிவுச் சோதனை எது? பட்டறையில் முழுதாக உருவாகும் தொட்டிக்கு, ஏ.பி.ஐ. 650 (எண்ணெய்த் தொட்டிகளுக்கான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரவிதி) தன் பின்னிணைப்பு ஜே-யில் ஒரு சலுகை தருகிறது: நீருக்குப் பதிலாகக் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்க்கலாம். அந்தக் காற்றழுத்தம் பொதுவாக 14 முதல் 21 கிலோபாஸ்கல். அதாவது இரண்டேகால் மீட்டர் உயர நீருக்குக்கூடச் சமமில்லை. 12 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் கீழ் வளையத்தின், அதாவது சுவரின் அடிவரிசைத் தகடுகளின், மேல் ஏறுவது ஏறத்தாழ 118 கிலோபாஸ்கல். இதைத்தான் ‘சோதனை முடிந்தது’ என்கிறீர்களா?

அளவுகோல்:
குறுக்கிடுவதற்குப் பொறுக்கவும். அதே பின்னிணைப்பு 6 மீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட தொட்டிக்குப் பொருந்தாது. 40 மீட்டர் விட்டமுள்ள தொட்டியை எந்தப் பட்டறையும் முழுதாகக் கட்டி லாரியில் ஏற்றப் போவதில்லை. நீங்கள் இருவரும் எந்த அளவுத் தொட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைவாசி:
118 கிலோபாஸ்கல் என்று பயமுறுத்துகிறவர் அடுத்த வரிக் கணக்கையும் போட்டிருக்க வேண்டும். 6 மீட்டர் விட்டத்தில், 5 மில்லிமீட்டர் தகட்டில், அந்த அழுத்தம் உண்டாக்கும் இழுவிசைத் தகைவு (தகட்டின் ஒவ்வொரு சதுர அலகிலும் விழும் இழுப்பு) சுமார் 70 மெகாபாஸ்கல்தான்; சாதாரண உருக்கே 250 வரை வளையாமல் நிற்கும். தாங்குமா என்ற கேள்விக்கே இடமில்லாத இடத்தில் எதற்கு மூன்று லட்சத்துச் சொச்சம் லிட்டர் நீர்? அதை எங்கிருந்து கொண்டுவருவது, சோதனை முடிந்தபின் எங்கே விடுவது?

ஆறாம் வளையம்:
தகடு தாங்கும் என்பதை நான் மறுத்தேனா? தரை தாங்குமா என்றுதான் கேட்கிறேன். உங்கள் தொட்டி காற்றுச் சோதனையில் நின்றது பட்டறையின் கான்கிரீட் தளத்தில். அது வாழப் போவதோ வேறொரு மண்ணில். நீர் நிரப்பினால்தான் அடித்தளம் எவ்வளவு இறங்குகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்பதெல்லாம் தெரியும். மேலும், படுத்த நிலையில் வந்த தொட்டியைக் கிரேன் நிமிர்த்தும்போது, அடித்தகடும் சுவரும் சேரும் மூலையில்தான் பாரம் ஊன்றுகிறது. சோதனைக்குப் பிறகு அந்த மூலை என்ன பாடுபட்டது என்பதை உங்கள் சோப்பு நீர் எப்படிச் சொல்லும்?

1919-இல் பாஸ்டனில் வெல்லப்பாகுத் தொட்டி வெடித்து 21 பேர் இறந்தார்கள். அதில் சோதனைக்கென்று ஊற்றிய நீரின் உயரம் வெறும் 6 அங்குலம். 1988 ஜனவரியில் பென்சில்வேனியாவில் உடைந்து மோனோங்கஹீலா ஆற்றில் டீசலைக் கொட்டிய தொட்டியையும் முழு உயரத்துக்கு நீர் நிரப்பிச் சோதித்திருக்கவில்லை.

பட்டறைவாசி:
நன்றி. இரண்டுமே தளத்தில் கட்டியவை. இரண்டாவது, ஓரிடத்தில் பிரித்த பழைய தகடுகளை இன்னோரிடத்தில் மீண்டும் சேர்த்துக் கட்டியது. என் கட்சிக்கு நீங்களே சாட்சி தேடித் தந்துவிட்டீர்கள்.

ஆறாம் வளையம்:
எங்கே கட்டினார்கள் என்பதா, நீர் நிரப்பாமல் விட்டார்கள் என்பதா அங்கே பிரச்சினை? படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

போல்ட்டுநட்டு:
இத்தனை சண்டைக்கும் வெல்டிங்தானே காரணம்? ஆலையிலேயே பூச்சு பூசிய பலகைகளைத் தளத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் இரு தரப்பும் நிம்மதியாகத் தூங்கலாமே.

ஆறாம் வளையம்:
போல்ட் துளைகள்தோறும் இருக்கும் ரப்பரும் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசையும் வெயிலில் காய்ந்து இறுகும்போது தூங்க முடிகிறதா என்று பார்ப்போம். அது போகட்டும், அந்தத் தொட்டியையும் நீர் நிரப்பித்தான் ஒப்படைப்பார்கள் என்பதைப் பட்டறைவாசி ஐயா கவனிக்க வேண்டும்.

பட்டறைவாசி:
போல்ட் தொட்டியைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கவில்லை. சாரத்தில் தொங்கும் வெல்டரைப் பற்றி நான் எழுதியதற்கு மட்டும் இதுவரை ஒரு வார்த்தை பதில் இல்லை.

ஆறாம் வளையம்:
தளத்தில் தொட்டியைக் கட்டக் கிரேனா ஜாக்கியா என்ற பழைய விவாதத்தில் பாதியில் காணாமல் போனவர் பதிலைப் பற்றிப் பேசுகிறார். ஜாக்கி முறையில் கூரையையும் மேல் வளையத்தையும்தான் முதலில் தரையோடு கட்டுவார்கள். அதை ஜாக்கிகளால் உயர்த்தி, அடுத்தடுத்த வளையங்களைக் கீழே நுழைத்துக்கொண்டே போவார்கள். வெல்டர் பெரும்பாலும் தரைக்கு அருகிலேயே நிற்கிறார். அன்றே இதை விளக்கினேன்; நீங்கள் இருந்தால்தானே படித்திருப்பீர்கள்!

பட்டறைவாசி:
காணாமல் போகவில்லை, வேலை இருந்தது. ஜாக்கி முறையில் அத்தனை ஜாக்கிகளும் ஒரே சீராக ஏறாவிட்டால் சுவரின் வட்டமே கோணிப்போகும் என்று அன்று கேட்டதற்கு நீங்களும் மௌனமாகத்தான் இருந்தீர்கள்.

அளவுகோல்:
விட்டம் எவ்வளவு என்று யாரும் இன்னும் நேராகச் சொல்லவில்லை.

ஆறாம் வளையம்:
விட்டம் எதுவானால் என்ன? பட்டறையிலிருந்து வந்த தொட்டி தன் அடித்தளத்தின் மேல் நின்றபின் அதில் நீர் நிரப்பப்பட்டதா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் போதும். வட்டம் கோணுவதைப் பற்றி அதற்குப் பிறகு, ஜாக்கிக்கென்று இருக்கும் பழைய விவாத இழையில் வந்து கேளுங்கள். அங்கே என் பதில் இன்னும் அப்படியே இருக்கிறது.