பிச்சாவரத்தில் வெண்கண்டல் நாற்று ஏன் கருகுகிறது?

கேள்வி: வெள்ளாறு–கொள்ளிடம் கழிமுகத்தில், காடு அழிந்த பள்ளப் பகுதியில் நட்ட வெண்கண்டல் (ஒரு வகை அலையாத்தி மரம்) நாற்றுகள் கோடையில் கருகிவிடுகின்றன. ஓடைக்கரை மரங்கள் செழிப்பாக நிற்கின்றன. விதையில் குறையா?

பதில் 1: விதையில் குறை இல்லை, தண்ணீர் வந்து வடிவதில்தான் குறை. கடந்த நூற்றாண்டில் அங்கே கூப்பு முறையில், அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக மரம் வெட்டினார்கள். நிழல் போனதும் மண் ஈரம் வற்றி அமுங்கி, தொட்டிபோல் ஆகிவிட்டது. கடல் ஓதம் (அலையேற்றம்) ஏறும்போது நுழையும் நீர் இறங்கும்போது வெளியேறுவதில்லை. தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப்போகிறது.

பதில் 2: ஆமாம். மீன்முள் வடிவ வாய்க்கால்தான் அங்கே பலன் தந்தது. ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் சுமார் 45 டிகிரி சாய்வில் கிளைகள். அடிமட்டம் ஓடையை நோக்கிச் சரிய வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்காலே குட்டையாகிவிடும். ஒரு மழைக்காலம் உப்பைக் கழுவட்டும், பிறகு நடுங்கள். கிளை வாய்க்காலின் சரிவில் நடுங்கள். தோண்டிப் போட்ட மண்மேட்டில் ஓதம் ஏறாது. வண்டலை ஆண்டுதோறும் அள்ளாவிட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

பதில் 3: அது காப்புக்காடு, 2022 முதல் ராம்சர் தளமும்கூட (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்). வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள். இன்னொன்று: மரமில்லாத சேற்றுத்திட்டு எல்லாம் பாழ்நிலம் இல்லை. வலசை வரும் உள்ளான் பறவைகள் இரை தேடுவது அங்கேதான், தயவுசெய்து அதில் நாற்று நடாதீர்கள்.